ஐந்து நிறுத்துமிடம், ஓர் ஓடுபாதை: சிறு விமான நிலையத்தில் தனி ஜெட்டுக்கும் பயணிகள் விமானத்துக்கும் இடம் பிரிப்பது எப்படி?

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு தாள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, விமான நிறுவனங்களின் நடப்புப் பருவ அட்டவணை. மற்றொன்று, அந்த ஆண்டின் முகூர்த்த நாள்கள். புதிதாகப் பணிக்கு வருபவர்கள் இரண்டாவது தாளைப் பார்த்துவிட்டு, மேடம் வீட்டில் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேலைக்கான தாள். தையிலோ ஆவணியிலோ ஒரு வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்தால், அன்று விமானங்கள் நிற்கும் தளமான எங்கள் ஏப்ரனில் இடம் போதாது என்பது எனக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் மூச்சு விடலாம். தேர்தல் ஆண்டு என்றால் அந்தக் கணக்கும் செல்லாது.

மண்டல விமான நிலையங்களின் தரைத்தளச் செயல்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். கடைசியாகப் பணியாற்றிய நிலையத்தில் ஒரே ஓடுபாதை, ஐந்து நிறுத்துமிடங்கள். காலையில் மூன்று பயணிகள் விமானங்கள், மாலையில் நான்கு. இவற்றுக்கு இடையில்தான் தொழிலதிபர்களின் ஜெட்டுகள், அரசியல் தலைவர்களின் வாடகை விமானங்கள், ஏர் ஆம்புலன்ஸ்கள் எல்லாம் வந்து போக வேண்டும். அதே பொறுப்புக்கு இப்போது வரும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லும் விதிகள் பலவும் அதிலிருந்து வந்தவைதான்.

ஒரு தை முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை. மூன்று ஜெட்டுகளுக்கு இரவு நிறுத்த அனுமதி கொடுத்திருந்தேன். ஆறரை மணிக்கு நான்காவது ஒன்றுக்காகத் தொலைபேசி வந்தது. மணமகனின் தாய்மாமன் வருகிறார், ஓர் இரவுதான் என்றார்கள். ஐந்தாவது இடத்தில் இரவு தங்கும் ஏர்பஸ் காலை 6.10-க்குக் கிளம்பிவிடும், அந்த இடத்தில் ஏழு மணிக்குச் சென்னையிலிருந்து ஏடிஆர் என்ற சிறு பயணிகள் விமானம் வந்து நிற்கும், கணக்கு சரியாக இருக்கிறது என்று நினைத்து வாய்மொழியாகவே சரி என்று சொல்லிவிட்டேன்.

காலையில் அந்த ஏர்பஸ்ஸில் ஹைட்ராலிக் கசிவு. பொறியாளர் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். ஏடிஆர் குறித்த நேரத்தில் இறங்கி, போக இடமில்லாமல், ஓடுபாதையையும் ஏப்ரனையும் இணைக்கும் டாக்ஸிவேயில் நின்றது. 68 பயணிகள், 47 நிமிடங்கள். ஜெட்டுகளில் ஒன்றை நகர்த்தலாம் என்றால் விமானிகள் இருபது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இழுத்து வைக்கலாம் என்றால் அந்த வகைக்குப் பொருந்தும் இழுவைக் கம்பி, டோ பார், எங்களிடம் இல்லை.

அதே ஏடிஆரில் சென்னைக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண் என் அறைக்கு வந்தார். அப்பாவுக்குப் பத்தரை மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. “மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய நேரம் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தாய்மாமன் மேல் தவறில்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன்.

அன்று புரிந்தது இதுதான். ஓடுபாதையில் ஒரு விமானம் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். தரையில் நிற்கும் நேரம் மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு. சிறு நிலையத்தில் நெருக்கடி அநேகமாக ஏப்ரனில்தான் பிறக்கிறது. நீங்கள் பங்கிட வேண்டியதும் அந்தத் தரையைத்தான்.

இருக்கையை எண்ணாதீர்கள், இறக்கையை அளந்து பாருங்கள்

“சின்ன விமானம்தான் மேடம், பத்துப் பேர்கூட இல்லை” என்று சொல்வார்கள். எத்தனை பேர் என்பது உங்கள் ஏப்ரனுக்குத் தேவையில்லாத தகவல். முதல் கேள்வி, எந்த வகை விமானம்? அடுத்த கேள்வி, இறக்கையின் அகலம் என்ன?

நான் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த கணக்கு இது. எழுபது பேர் உட்காரும் ஏடிஆர் 72-இன் இறக்கை 27 மீட்டர். பதினைந்து பேருக்கு உள்ளாகப் பறக்கும் குளோபல் 6000-இன் இறக்கை 28.7 மீட்டர். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 என்றால் 30.4 மீட்டர். அதாவது ஒரு பெரிய ஜெட், ஊரின் காலை விமானத்தைவிட அதிக அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுபுறம், ஹாக்கர் 800 வெறும் 15.7 மீட்டர், கிங் ஏர் பி200 16.6, சைட்டேஷன் சிஜே2 ஏறக்குறைய 15, ஃபீனம் 100 சுமார் 12.

ஏர்பஸ் 320-க்கான நிறுத்துமிடம் 36 மீட்டர் வரை இறக்கை கொண்ட வகைக்காக வரையப்படுவது. அந்த வகையில் இரண்டு விமானங்களுக்கு இடையில் குறைந்தது 4.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 24 மீட்டருக்குக் குறைந்த வகைகளுக்கு 3 மீட்டர் போதும். இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு ஹாக்கர்கள், நடுவில் 3 மீட்டர், மொத்தம் 34.4. ஓர் ஏர்பஸ் இடத்தில் இரண்டு அடங்கிவிடும். ஒரு குளோபலை நிறுத்தினால் மீதி ஏழு மீட்டர் சொச்சம். அதில் எதையும் வைக்க முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது, உங்கள் ஏப்ரனுக்கு இரண்டு வரைபடங்கள் தயாரிப்பது. ஒன்று சாதாரண நாளுக்கு. மற்றொன்று நெரிசல் நாளுக்கு, சிறு ஜெட்டுகளை இரண்டிரண்டாக நிறுத்தும் படம். இரண்டாவதை அன்றைக்கு மனக்கணக்கில் போடக் கூடாது. பாதுகாப்பு ஆய்வு செய்து, முறைப்படி ஒப்புதல் வாங்கி, தரையில் கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மழையில் டார்ச் விளக்கோடு நின்று இடைவெளியை அடியால் அளக்கும் நிலை வந்தால், அந்தத் திட்டம் மாதங்களுக்கு முன்பே தோற்றுவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் உள்ள ஆஸ்பென் விமான நிலையத்தைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்புகளில் நானே பேசியிருக்கிறேன். பனிச்சறுக்குப் பருவத்தில் செல்வந்தர்களின் ஜெட்டுகள் குவியும் இடம். ஒரே ஓடுபாதை, கடல் மட்டத்திலிருந்து 7,800 அடிக்கு மேல். அங்கே நீண்ட காலமாக இறக்கை 95 அடிக்கு மேல் இருக்கும் விமானத்துக்கு இடமில்லை என்று விதி இருந்தது. 94 அடி இறக்கை கொண்ட குளோபல் 6000 இறங்கலாம், 99 அடியைத் தாண்டும் ஜி650 இறங்க முடியாது. உரிமையாளர் உலகக் கோடீஸ்வரராக இருந்தாலும் அளவு மாறாது. யாருடைய விமானம் என்ற கேள்வியே எழாத விதி அது. எனக்கு அதில் பிடித்ததும் அந்தத் தன்மைதான். நம் ஊரில் விதி இருக்கும், ஆனால் பெயரைக் கேட்ட பிறகு வளையும்.

ஓர் இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்

ஐந்து இடம் இருந்தால் நான்கு என்று நினைத்தே அனுமதி கொடுங்கள். ஐந்தாவது காலியாகவே இருக்கட்டும். இதைச் சொன்னால் கணக்குத் துறை கேட்கும், காலி இடத்தால் என்ன வருமானம் என்று. பதில் மூன்று சந்தர்ப்பங்களில் இருக்கிறது.

முதலாவது, என் கதையில் வந்த கசிவு. கிளம்ப வேண்டிய விமானம் கிளம்பாமல் போவது மாதம் ஒரு முறையாவது நடக்கும்.

இரண்டாவது, சென்னை மூடும் நாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். அப்படிப்பட்ட நாள்களில் வானத்தில் இருக்கும் விமானங்கள் எரிபொருள் குறையக் குறைய அடுத்த நிலையத்தைத் தேடுகின்றன. மதுரையோ திருச்சியோ கோவையோ, அங்கே ஜெட்டுகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தால் வரும் விமானம் எங்கே நிற்கும்?

மூன்றாவது, உறுப்பு மாற்று அறுவைக்காக வரும் விமானம். எடுக்கப்பட்ட இதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் அடுத்தவர் உடலில் பொருத்தப்பட வேண்டும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் முறையாக நடப்பதால் இந்த அழைப்பு எந்த இரவிலும் வரலாம். பெரும்பாலும் வருவது ஒரு கிங் ஏர். அதுவும் அட்டவணையில் இல்லாத தனி விமானம்தான். தனி விமானம் என்றாலே ஆடம்பரம் என்று நினைக்கும் இளம் அதிகாரிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஆலை தொடங்க இடம் பார்க்க வந்த தொழிலதிபரும் அப்படித்தான் வந்தார். அவர்களை விரட்டுவது நம் வேலை இல்லை. அவர்கள் வந்ததால் ஏழு மணி விமானம் நிற்காமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

இரவு நிறுத்தும் ஒவ்வொரு ஜெட்டிடமும் எழுத்தில் வாங்க வேண்டியவை: விமானியின் கைபேசி எண், அவர் தங்கும் விடுதி, அழைத்த அறுபது நிமிடத்துக்குள் விமானத்தை நகர்த்தித் தருவதாக ஒப்புதல், டோ பார் விமானத்தில் இருக்கிறதா என்ற பதில். டோ பாரின் தலை வகைக்கு வகை மாறும் என்பதை மறந்தால் என் கதை உங்களுக்கும் நடக்கும். பார் இல்லை, ஆளும் அருகில் இல்லை என்றால் இறக்கிவிட்டுப் போகட்டும். ஆளை இறக்கிவிட்டு வெறும் விமானம் பக்கத்து நிலையத்துக்குப் போய் நின்று, மறுநாள் திரும்பி வரும். இதில் எரிபொருள் வீணாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது உறுத்தும். ஆனாலும் 68 பேரை டாக்ஸிவேயில் நிறுத்துவதைவிட இது மேல். பக்கத்து நிலையங்களோடு முகூர்த்தப் பருவத்துக்கு முன்பே பேசி, யாரிடம் எத்தனை இடம், அவர்களுடைய பணி நேரம் எதுவரை, ஓடுபாதை நீளம் அந்த வகைக்குப் போதுமா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடமில்லாத நாள்களுக்கு நோட்டம் (NOTAM) எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பு முன்கூட்டியே வெளியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜெட் நிறுவனங்கள் திட்டமிடும். கடைசி நிமிடத்தில் தொலைபேசியில் மறுப்பதைவிட அது அவர்களுக்கும் மரியாதை.

நேரம்: எந்தக் கடிகாரம்?

தனி விமானக் கோரிக்கைகளில் நான் அதிகம் கண்ட குழப்பம் இது. விமானத் திட்டங்கள் எல்லாம் சர்வதேச நேரத்தில் எழுதப்படுபவை. நம் கடிகாரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. “14-ஆம் தேதி 22.30” என்று கோரிக்கை வந்தால், சர்வதேச நேரம் என்றால் அது நமக்கு 15-ஆம் தேதி விடிகாலை 4.00. கல்யாண வீட்டுக்காரர் சொல்லி, உதவியாளர் எழுதி, வாடகை நிறுவனம் தட்டச்சு செய்து வருவதற்குள் எது எந்த நேரம் என்பது தொலைந்துபோயிருக்கும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் வையுங்கள், இரண்டு நேரமும் இரண்டு தேதியும் நிரப்பச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

அட்டவணை விமானங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. மாறியதும் ஒரு நாள் முழுவதையும் அரை மணி அரை மணியாகப் பிரித்து, பயணிகள் விமானம் இருக்கும் கட்டங்களைச் சிவப்பாக்குங்கள். அவற்றுக்கு முன்னும் பின்னும் இருபது நிமிடம் மஞ்சள். மீதி பச்சை. ஜெட்டுகளுக்குப் பச்சையில் நேரம் கொடுங்கள். மஞ்சளில் கொடுப்பதாக இருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இந்த இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இணையான டாக்ஸிவே முழு நீளத்துக்கு இல்லாத நிலையத்தில், இறங்கிய விமானம் ஓடுபாதையின் முனைவரை போய், திரும்பி, அதே ஓடுபாதையில் பின்னோக்கி ஊர்ந்து வர வேண்டும். எங்கள் நிலையத்தில் அதற்கு ஐந்தாறு நிமிடம் பிடித்தது. அத்தனை நேரமும் வேறு யாரும் இறங்க முடியாது, ஏற முடியாது. ஏர்பஸ்ஸுக்கு மூன்று நிமிடம் முன்னால் ஒரு ஜெட் இறங்கினால், ஏர்பஸ் மேலே சுற்ற வேண்டியதுதான். சிறு ஜெட்டுகள் நூறு நாட் வேகத்தை ஒட்டி இறங்கும், ஏர்பஸ் 135, 140-இல் வரும். பின்னால் வருபவர் நெருங்கிக்கொண்டே வருவார்.

எடையும் ஒரு சங்கதி. ஏழு டன் வரை உள்ளவை இலகு வகை. அதற்கு மேல் 136 டன் வரை நடுத்தரம். ஃபீனம் 100, சிஜே2, கிங் ஏர் பி200 மூன்றும் இலகு. ஓர் ஏர்பஸ்ஸுக்குப் பின்னால் இலகு விமானம் இறங்குவதென்றால், பெரியது கிளப்பிவிட்ட காற்றுச் சுழலுக்காக ஐந்து கடல் மைல் இடைவெளி விட வேண்டும். பின்னால் ஏறுவதென்றால் இரண்டு நிமிடம். ஹாக்கர் 800 பன்னிரண்டு டன்னைத் தாண்டுவதால் நடுத்தரம், அதற்கு இந்தக் கூடுதல் இடைவெளி கிடையாது. ஆகவே இலகு வகைகளை ஏர்பஸ்ஸுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகாமல், சேர்த்து ஒரு பச்சைக் கட்டத்தில் வைத்தால் ஓடுபாதை குறைவாகவே வீணாகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வானத்தில் வரிசை வைப்பது கோபுரத்தின் வேலை. அவர்களுடைய பொது வழக்கம் முதலில் வருபவருக்கு முதலில். அவசரம், நோயாளி விமானம், குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோரின் பயணம் ஆகியவை முன்னால் வரும். ஐம்பது டிக்கெட் இருக்கிறது என்பதற்காக ஏடிஆரை முன்னால் விடுங்கள் என்று நீங்கள் கோபுரத்தைக் கேட்கக் கூடாது. நீங்கள் செய்ய முடிந்தது, ஜெட்டும் ஏடிஆரும் ஒரே நிமிடத்தில் வந்து நிற்காதபடி முந்தைய நாளே நேரம் பிரிப்பது. ஜெட் அரை மணிக்கு மேல் தாமதித்தால் விமானத் திட்டத்தைத் திருத்த வேண்டும். அப்போது உங்கள் நேர அனுமதியும் காலாவதி, புதிதாகக் கேட்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் தாமதமாகாத கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

பெரிய நிலையங்களும் இதைச் செய்ய வேண்டி வந்தது. 2024 பிப்ரவரியில் மும்பையில் நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 46 என்றிருந்த விமான இயக்கத்தை (ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து) 44 ஆகக் குறைக்கவும், அந்த நேரங்களில் தனி விமானங்களைக் கட்டுப்படுத்தவும் விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரும் திருமணக் கொண்டாட்டத்துக்காக ஜாம்நகர் விமான நிலையத்துக்குப் பத்து நாள்கள் மட்டும் சர்வதேசத் தகுதி கொடுத்தார்கள். அது சரியா என்று பலர் கேட்டார்கள். என் தொழில் கண்ணுக்குத் தெரிந்தது, அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன என்பது. சிறப்பு ஏற்பாடு எதுவானாலும் அது முடியும் நாளை முதலிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கல்யாணத்துக்கு அதுவே வழக்கம் ஆகிவிடும்.

பெரிய தலைவர்கள் வரும் நாளில் இந்த வண்ணங்கள் எல்லாம் அழிந்துபோகும். 2023 மகா சிவராத்திரி அன்று குடியரசுத் தலைவர் மதுரையில் மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டுக் கோவை சென்றார். ஒரே நாளில் இரண்டு ஊர்கள். அப்படியான நாளில் ஜெட்டுகளுக்கு நேரமே கொடுக்காமல் இருப்பது நல்லது.

எரிபொருளும் சோதனை வரிசையும்

ஏடிஆரின் தொட்டி நிரம்ப ஐந்து டன் போதும். ஜி650-இன் தொட்டி இருபது டன், ஏறக்குறைய ஏர்பஸ் 320 அளவு. வெளிநாட்டுக்குப் போகும் ஒரு ஜெட் தொட்டியை நிரப்பச் சொன்னால் எங்கள் 16,000 லிட்டர் எரிபொருள் வண்டி, அதாவது பௌசர், ஒன்று முழுவதும் தீர்ந்து, இரண்டாவதும் வர வேண்டும். காலை 6.30-க்கு அது நடந்தால் ஊர் விமானம் பௌசருக்காகக் காத்திருக்கும். ஜெட்டுகளுக்கு எரிபொருள் முந்தைய இரவே ஏற்றிவிட வேண்டும். பயணிகள் விமானம் வருவதற்கு முன்னும் பின்னும் முக்கால் மணி நேரம் பௌசர் அதற்கே. எண்ணெய் நிறுவனத்தின் ஊழியரோடு இதை நேரில் பேசுங்கள், கடிதம் போதாது.

தீயணைப்பில் ஒரு சிறிய வியப்பு உண்டு. தீயணைப்பு வகை விமானத்தின் நீளத்தை வைத்து முடிவாகிறது. ஏடிஆர் 72 ஐந்தாம் வகை. முப்பது மீட்டர் நீள ஜி650 ஆறாம் வகை. ஏடிஆர் மட்டும் வரும் நிலையம் என்றால், பெரிய ஜெட்டுக்குத் தலையாட்டும் முன் தீயணைப்பு அதிகாரியைக் கேளுங்கள்.

ஜெட் பயணிகளுக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு. டெல்லியில் 2020 முதல் இவர்களுக்குத் தனி முனையம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரே வரிசை, ஒரே எக்ஸ்ரே. ஏர்பஸ் பயணிகள் 180 பேர் நிற்கும்போது, பட்டுப்புடவையோடு பன்னிரண்டு பேர் நேராக முன்னால் அழைத்துச் செல்லப்பட்டால் அந்தக் கூட்டத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாதுகாப்புப் படை அதிகாரியோடு பேசி, ஜெட் பயணிகளைச் சிவப்புக் கட்டத்துக்கு வெளியே வரச் சொல்லுங்கள். வரிசையைச் சோதிக்கும் காவலரை எடுத்துத் தனிச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். விமானத்தின் படிக்கட்டுவரை சொந்தக் காரில் போக வேண்டும் என்று கேட்பார்கள். அனுமதிப் பட்டியலில் இல்லாத வண்டிக்கு முடியாது, அவ்வளவுதான்.

வரவுசெலவுப் பேரேட்டை எப்படிப் படிப்பது

நான் பணியில் இருந்த காலத்தில், இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் 80-க்கும் குறைந்த இருக்கை கொண்ட உள்நாட்டு அட்டவணை விமானங்களுக்குத் தரையிறங்கு கட்டணம் கிடையாது. ஏடிஆர் இறங்கினால் அந்தக் கணக்கில் பூஜ்யம். ஜெட் இறங்கினால் கட்டணம், நின்றால் கட்டணம், இரவு நேரம் நீட்டித்தால் அதற்கும் கட்டணம். மாத இறுதியில் பேரேட்டைப் பார்க்கும் மேலாளருக்கு ஜெட்டுகள்தான் நிலையத்தை நடத்துவதுபோலத் தோன்றும். அடுத்த முறை தொலைபேசி வரும்போது அவர் கை தானாக அனுமதிப் பக்கம் சாயும். இது மனிதருடைய குறை என்பதைவிடக் கணக்கு எழுதும் முறையின் குறை.

நான் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி எழுத ஆரம்பித்தேன்: ஒரு நிறுத்துமிடம் ஒரு மணி நேரத்தில் எத்தனை பயணிகளை ஏற்றி இறக்கியது? ஏடிஆர் நாற்பது நிமிடம் நின்று நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கையாளும். ஒரு ஜெட் பதினாறு மணி நேரம் நின்று பத்துப் பேரை. நிறுத்தக் கட்டணம் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, ஆனால் அது தின்பது அகலத்தை. இந்தப் பத்தியைக் காட்டிய பிறகுதான் எங்கள் மேலாளர் காலி இடத்துக்கு ஒத்துக்கொண்டார். அந்த ஏடிஆரை விமான நிறுவனம் ஒரு பருவம் நிறுத்திவிட்டால், திரும்பக் கொண்டுவர ஊர் எத்தனை மனு கொடுக்க வேண்டும் என்பது சிறு ஊர்களுக்கு விமானச் சேவை தரும் உதான் திட்டத்தில் சேவை வந்து நின்றுபோன ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

மறுக்கும்போது

“முடியாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு முறை ஒரு பெரிய நிறுவனத் தலைவரின் உதவியாளர், இளைஞர், அழைத்தார்.

“மேடம், எங்கள் சேர்மனுக்குக்கூட இடம் இல்லையா?”

“இருக்கிறது தம்பி. 5.20-க்கு இறங்கலாம். ஆறு மணிக்குள் விமானம் கிளம்ப வேண்டும். இரவு நிறுத்தத் திருச்சியில் இடம் இருக்கிறது, நானே பேசி வைக்கிறேன். காலை 9.40-க்குத் திரும்பி வரட்டும்.”

“மேலே பேசச் சொன்னால்?”

“பேசுங்கள். அவர்களிடமும் இதே தாள்தான் இருக்கிறது.”

கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். நிறுத்துமிட ஒதுக்கீட்டுத் தாளை மேலாளருக்கும், கோபுரத்துக்கும், பாதுகாப்புப் படைக்கும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் நான் தினமும் மாலை அனுப்பிவிடுவேன். எல்லோரிடமும் ஒரே தாள் இருந்தால் யாராலும் ரகசியமாக ஓர் இடத்தை உருவாக்க முடியாது. மறுத்த கோரிக்கைகளையும் அதே தாளின் அடியில் காரணத்தோடு எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவற்றை எண்ணிப் பார்த்தால், உண்மையிலேயே இன்னும் ஒரு நிறுத்துமிடம் தேவையா, இல்லை நேரத்தை மாற்றினால் போதுமா என்பது தெரியும். எங்களுக்குத் தேவைப்பட்டது சிறு ஜெட்டுகளுக்கான ஒரு தனித் தளம். அதைக் கேட்டு எழுதிய கடிதத்தோடு இணைத்தது அந்த மறுப்புப் பட்டியலைத்தான்.

நெரிசல் நாளுக்கு முந்தைய மாலை ஐந்து மணிக்கு ஒரு சுற்று நடந்து வாருங்கள். கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா, சக்கரக் கட்டைகள் போதுமா, டோ பார்கள் எங்கே இருக்கின்றன, காலி இடம் உண்மையிலேயே காலியா, அதில் யாராவது படிக்கட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார்களா. பிறகு இரவு ஒன்பதரைக்கு, தங்கும் ஒவ்வொரு ஜெட்டின் விமானியையும் அவர் கொடுத்த எண்ணில் அழைத்துப் பாருங்கள். அவர் எடுத்துப் பேசினால் பெயருக்கு எதிரே குறி போடுங்கள். மணி அடித்து நின்றுபோனால் விடுதிக்கு அழையுங்கள். அங்கேயும் ஆள் இல்லை என்றால் வாடகை நிறுவனத்தை எழுப்பி, இன்னோர் எண் வாங்கிய பிறகு வீட்டுக்குப் போங்கள்.